தூர்த்துவிட்டுத் தோண்டச் சொன்ன கிணறு

எங்கள் அண்ணி பொன்னியம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் கிணற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதுவும் பாதிக் கிணற்றிலிருந்து.

சத்தியவேட்டுக்குத் தெற்கே புளியமேடு. ஊருக்கு வெளியே எங்கள் தெரு. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து திருவேங்கடத்தின் வயல் கிணற்றுக்குப் போக வேண்டும். அவர் மாடு பூட்டிக் கவலை இறைத்தால் வாய்க்காலில் வருவதை மொண்டுகொள்ளலாம். ஓட்டாத நாளில் குடத்தோடு வரப்பில் நிற்க வேண்டியதுதான். பஞ்சாயத்தில் பெண்ணுக்கு ஓர் இடம் என்று சட்டம் வந்தபோது, வாயில்லாத ஆளாகப் பார்த்துப் போடுவோம் என்று பெரியவர்கள் அண்ணியைப் போட்டார்கள். அண்ணிக்கு வாயில்லை என்று அவர்களுக்கு எவன் சொன்னானோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்!

முதல் கூட்டத்தில் கிணறு கேட்டு வாயைத் திறந்தவள், கிணறு வரும்வரை மூடவில்லை. மேலிடத்திலிருந்து ஆட்களும் கடப்பாறையும் வந்தன. அப்போது என் மனைவி வெங்கடலட்சுமிக்குத் தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். அண்ணி தெரு நடுவில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

"எங்க ஊட்டுக் கொழந்தைய எங்க தெருத் தண்ணியிலதான் குளிப்பாட்டுவேன். திருவேங்கடம் வரப்புல போய்க் கெஞ்சிக்கினு நிக்க மாட்டேன்."

இரண்டு ஆள் ஆழம் போனதும் மண் ஈரமாயிற்று. அந்த வாரத்தில் 1960 ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. அதுவரை நாங்கள் சென்னை ராஜ்யம், செங்கல்பட்டு ஜில்லா. அன்று விடிந்ததும் ஆந்திரா, சித்தூர் ஜில்லா. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். படி நெல்லுக்கு உப்பு மாற்றுவதுபோல ஊரை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முட்டாள்கள் தினத்தைத்தான் பார்த்தார்கள் பாருங்கள்!

மறுநாளே பழைய ராஜ்யத்து ஓவர்சியர் வந்து கடப்பாறை, கூடை, கயிறு, ஏணி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்.

"எங்க கெவர்மெண்டு சாமான், விட்டுட்டுப் போவ முடியாது" என்றார்.

"பள்ளத்தத் தூக்க முடியல. இல்லன்னா அதையும் எடுத்துக்கினு போயிருப்ப" என்றாள் அண்ணி.

அடுத்த வாரம் நானும் அவளும் பழைய தாலுகா ஆபீஸ் இருந்த பொன்னேரிக்கு நடந்தோம். "அந்த ஊர் இப்ப எங்களுது இல்லம்மா" என்றார்கள். சத்தியவேட்டுக்கு வந்தோம். அங்கே புதுச் சட்டம், புதுப் பஞ்சாயத்துச் சமிதி, புது ஆபீசர். கடப்பாப் பக்கத்து ஆள், தொந்தியும் பொறுமையும் உள்ளவர். தெலுங்கும் உடைந்த தமிழுமாகச் சொன்னார்: "கெணறு இல்லாத தெருவுக்குப் புதுக் கெணறு இன்னிக்கே சாங்ஷன் பண்லாம்மா. உங்க தெருவுல பள்ளம் இருக்கு. வேற ராஜ்யம் ஆரம்பிச்ச வேலையை நாங்க முடிக்க ரூல் லேது."

"ரிப்பேருன்னு போட்டுக்குங்களேன்?" என்றாள் அண்ணி.

"முடிச்ச கெணத்துக்குத்தான் ரிப்பேர்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"பள்ளத்தத் தூர்த்துடுங்க. வந்து பாக்கறேன். கெணறு லேதுன்னு ரிப்போர்ட் எழுதறேன். அப்பறம் தோண்டலாம்."

"எங்க தோண்டறது?"

"உங்க இஷ்டம். அதே எடத்துல கூட."

அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைத் தூக்கிக் குட்டையில் போட்டிருப்பேன். ஈர மண் கண்ட பள்ளத்தைத் தூர்ப்பதா? தூர்த்த பிறகு அந்த ஆளை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டால் நம் கதி என்ன? வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். தெருமுனைக்கு வந்ததும் அண்ணி, "ரங்கையா, பனமரம் எங்க கெடைக்கும்?" என்றாள்.

தூர்க்கவில்லை, மூடினோம். பள்ளத்தின் குறுக்கே பனந்துண்டுகளை அடுக்கி, ஓலை பரப்பி, மண் போட்டு மிதித்தோம். தோண்டிய மண்ணை எல்லோரும் முன்பே வீட்டுச் சுவருக்கு அள்ளிப் போயிருந்ததால் மேடு என்று ஒன்றும் இல்லை. பெண்கள் சாணம் தெளித்துக் கோலமும் போட்டார்கள். அண்ணி ஆபீசருக்கு என்று நாற்காலி இரவல் வாங்கி, நல்ல தூரத்தில், கோயில் பக்கம் போட்டுவைத்தாள்.

ஆபீசர் வைகாசி வெயிலில் நடந்து வந்தார். கோயில் பக்கம் பார்த்தார், நிழலே இல்லை. கோலத்துக்கு மேலே புங்கமரம் குளுகுளுவென்று நின்றது. மனிதர் தானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கோலத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்! பனந்துண்டு முனகியது.

"அய்யா, இப்பிடி ஓரமா..." என்றேன்.

"பரவால்லப்பா."

அவருக்குக் கீழே ஒரு தவளை கத்தியது.

"என்ன சத்தம்?"

"வயிறுங்க. காலையிலேர்ந்து யாரும் ஒண்ணும் துன்னல" என்றாள் அண்ணி, முகம் மாறாமல்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாகம். கொஞ்சம் நீள்ளு, தண்ணி குடுங்க" என்றார்.

தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எந்த வீட்டிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை. நான் தடுப்பதற்குள் வெங்கடலட்சுமி, ஏழு மாத வயிற்றோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆபீசர் காத்திருந்தார். வேர்வை வழிந்தது. வழியை எட்டி எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா எங்க போச்சு?"

"தண்ணிக்குத்தாங்க."

"இவ்ளோ நேரமா?"

"தெனமும் இவ்ளோ நேரந்தாங்க."

அவள் திரும்பி வந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது. அன்று கவலை ஓடவில்லையாம். வாய்க்காலில் தேங்கிய கலங்கலை முந்தானையில் வடிகட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஆபீசர் அந்தத் தண்ணீரையும் பார்த்தார், அவள் வயிற்றையும் பார்த்தார், குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தபோது நாற்காலிக் காலடியில் மண் கொஞ்சம் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

பொளக்.

தண்ணீரில் விழுந்த சத்தம். எங்களுக்கே அப்போதுதான் தெரியும், உள்ளே ஊறியிருக்கிறதென்று! சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. ஆபீசர் மெல்ல எழுந்து, நாற்காலியை ஜாக்கிரதையாக ஓரம் தள்ளி, தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். அது டொம் என்றது.

"இந்தத் தெருவுல கெணறு லேது" என்றார். "நானே பாத்தேன்."

"இல்லீங்க" என்றது தெரு மொத்தமும்.

"புதுக் கெணறு நான் உக்காந்த எடத்துலயே தோண்டுங்கம்மா. அங்க தண்ணி இருக்கும்னு தோணுது."

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

தோண்ட வந்த ஆட்கள் எங்கள் கோலத்தைக் கொத்தியதும் வாயைப் பிளந்தார்கள். கிணறு முடிந்து, ஆடி பிறந்து, எனக்கு மகள் பிறந்தாள். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, சொம்பு சொம்பாக ஊற்றினாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"போதும் அண்ணி, கொழந்தைக்கு மூச்சு முட்டப்போவுது!"

"நீ போடா. நம்ம தண்ணி, ஊத்துவேன்" என்று சொல்லி அடுத்த சொம்பை மொண்டாள்.