நான் போகாத நக்ஸோஸ்

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்டில் லிஃப்ட் யாரும் பொத்தானை அமத்தாமலே ஏழாம் மாடியில் நிற்கும். அந்த மாடியில் செத்துப்போன கிழவர்தான் ஏறுகிறார் என்று கட்டடமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்டென்டன்டுக்கு போன் எடுத்து மெக்கானிக்கை அனுப்பச் சொன்னவள் நான். மெக்கானிக் வந்தார், கிழவர் ஏறுவது நின்றுவிட்டது. பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குத் தெரியும். என் மனுசனும் அதே பார்வைதான் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லோறன்ஸ் அவெனியூவில் பாலா அண்ணையின் ட்ரவல் ஏஜென்சியில் பிளேன் ரிக்கற் போடுகிற வேலை எனக்கு. கொழும்பு, சென்னை, லண்டன், பாரிஸ், அவ்வளவுதான் எங்கள் உலகம். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் இடம் பார்க்கப் போகமாட்டார்கள், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்தான் போவார்கள். எனக்கோ இன்னும் கனடாக் கடவுச்சீட்டே கிடைக்கவில்லை. கொழும்பில் ஏறி, பிராங்போர்ட்டில் மாறி, இங்கே வந்து இறங்கினதுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய பயணம். கிரீஸ் என்றால் புனித பவுல் கடிதம் எழுதின ஊர், இங்கே டான்ஃபோர்த் தெருவில் கிரேக்கர் இறைச்சி சுடுகிற கடைகள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம், பாலா அண்ணை பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், ஜெயம் அன்ரியும் ராசா அங்கிளும் உள்ளே வந்தார்கள். எங்களுக்குக் கிட்ட வோபர்ன் பக்கம் இருக்கிற ஆட்கள், ஒரே மகன் சுதன் லண்டனில் எஞ்சினியர். அன்ரி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“எமில்டா, கிரீசிலை நக்ஸோஸ் எண்டு ஒரு தீவாம். உடனை ரெண்டு ரிக்கற் போடும்.”

“ஹொலிடேயா அன்ரி?”

“ஹொலிடே! சுதன் அந்தத் தீவுப் பெட்டையைத்தான் கட்டுவானாம். தாய் தேப்பன் ஏதோ மலைக் கிராமத்திலை இருக்குதுகள். நேரை போய், இந்தக் கலியாணம் நடவாது எண்டு மூஞ்சைக்குச் சொல்லிப்போட்டு அடுத்த பிளேனிலை திரும்பி வாறம்.”

“கடலும் பாக்கலாம்” என்றார் அங்கிள் மெதுவாக. அன்ரி திரும்பிப் பார்த்தார். அங்கிள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் கம்ப்யூட்டரில் ஏதென்சுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். அங்கிளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “பிள்ளை, அங்கை பாக்கிற மாதிரி ஊருகள் என்ன இருக்கு?” என்று கேட்டார். தெரியாது அங்கிள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், வாயிலிருந்து வந்தது வேறு.

“கப்பல் கரைக்குக் கிட்ட வரேக்கையே பெரிய கல்லு வாசல் ஒண்டு தெரியும் அங்கிள். வாசல் நிலை மட்டும்தான் நிக்குது, கோயிலைக் காணேலாது. அதைப் பாத்துப்போட்டு கோரா எண்ட அந்தத் துறைமுகப் பட்டினத்திலை நிண்டு மினக்கெடாதேங்கோ, அங்கை சரியான காத்து. பஸ் எடுத்து ஹல்கிக்குப் போங்கோ. எலுமிச்சை மாதிரி ஒரு மரம், அதின்ரை இலையிலை சாராயம் காய்ச்சிற ஊர், உங்களுக்குப் பிடிக்கும். பிறகு ஃபிலோத்தியிலை பெரிய மரத்துக்குக் கீழை இருந்து கோப்பி குடியுங்கோ. வடக்கை அப்பொலோனாஸ் எண்டு கடற்கரை ஊர், அங்கை மலையிலை செதுக்கி முடிக்காத ஒரு கல்லு மனிசன் மல்லாக்கப் படுத்திருக்கிறான், பாவம். ஆனா எல்லாத்துக்கும் முதல் அபிராந்தோசுக்குப் போங்கோ.”

“அபிராந்தோஸ்!” அன்ரி கதிரையில் நிமிர்ந்தார். “அந்தப் பெட்டையின்ரை ஊர் அதுதான். உமக்கு ஆர் சொன்னது?”

எனக்கு ஆரும் சொல்லவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

“ஒழுங்கை முழுக்க மாபிள் அன்ரி, உந்தச் சப்பாத்தோடை போனா வழுக்கும். பச்சைக் கதவு வீடு. கதவைத் தட்டாதேங்கோ, அது இறுகிப்போய்க் கிடக்கு, ஜன்னலாலை கூப்பிடுங்கோ. அந்த வீட்டு அம்மாவுக்கு இடக்காது கேளாது, வலப்பக்கத்திலை இருந்து கதையுங்கோ. கரண்டியிலை இனிப்புத் தருவா. வேண்டாம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

சொல்லி முடித்தபோது என் நாக்கில் தோடம்பழத் தோலின் கைப்பு இருந்தது. பாலா அண்ணை கையில் சோற்றோடு பின்னறை வாசலில் நின்றார். அன்ரி என்னையே பார்த்தார்.

“நீர் எப்ப அங்கை போனனீர்?”

“நான் போகேல்லை அன்ரி.”

“பிறகு?”

“தெரியாது அன்ரி. ஜன்னல் சீற்றா, நடைபாதைச் சீற்றா?”

வேறு என்னதான் கேட்பது?

வீட்டில் மனுசனுக்குச் சொன்னேன். “ரீவியிலை பாத்திருப்பாய்” என்றார். எங்கள் ரீவியில் அப்போது மழைப்புள்ளிகளுக்கு நடுவே ஐஸ் ஹொக்கி மட்டும்தான் தெரியும். நான் அவரோடு வாதாடவில்லை. எனக்கு ஆவியைப் பற்றிய பயமே இல்லை, அன்ரியைப் பற்றிய பயம்தான். மாபிளில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தால் எமில்டாதான் அனுப்பினவள் என்று ஸ்காபரோ முழுக்கச் சொல்லுவா. அவர்கள் திரும்பி வரும்வரை ஒவ்வொரு நாளும் அன்ரியின் இடுப்புக்காகச் செபமாலை சொன்னேன்.

அன்ரி வந்தார். இடுப்பு முழுசாக இருந்தது. முகம் வெயிலில் கறுத்து, காலில் தட்டையான தோல் செருப்பு. அங்கிள் ஒரு போத்தலைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“பச்சைக் கதவு” என்றார் அன்ரி, கதிரையில் இருக்க முதலே. “இறுகித்தான் கிடந்தது. ஜன்னலாலை கூப்பிட்டன். இடக்காது கேளாதுதான். எல்லாம் நீர் சொன்னபடி.”

“ஹல்கியும்” என்றார் அங்கிள், போத்தலைத் தடவியபடி.

“நீங்கள் பேசாமல் இருங்கோ. ஹல்கியாலை வெளிக்கிட மாட்டன் எண்டு அடம்பிடிச்ச மனிசன்.” அன்ரி என் பக்கம் சாய்ந்தார். “சுதனும் அந்தப் பெட்டை எலெனியும் லண்டனிலையிருந்து வந்து நிண்டவை. தாய்க்காறி கரண்டியிலை இனிப்பை நீட்டினா. வேண்டாம் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது, உம்மடை சொல்லு ஞாபகம் வந்து வாங்கிச் சாப்பிட்டன். நல்ல இனிப்பு, தோடம்பழத் தோலைப் பாகிலை போட்டது. சரி, இனிச் சொல்லுவம் எண்டு நான் தொண்டையைச் செருமிறன், அவ முந்தியிட்டா. எலெனி அழுதழுது இங்கிலீசிலை சொல்லுது, அம்மாவுக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லையாம்!”

“அப்ப நல்லதாப் போச்சு அன்ரி.”

“என்ன நல்லது? என்ரை பிள்ளைக்கு என்ன குறை? எஞ்சினியர். குடியில்லை, சிகரெட் இல்லை. பள்ளிக்கூடத்திலை எடுத்த பரிசெல்லாம் சொன்னன். அந்த மனிசி தன்ரை மகளைப் பற்றிச் சொல்லுது, நான் என்ரை மகனைப் பற்றிச் சொல்லுறன். பொழுதுபடுமட்டும் சண்டை. கடைசியிலை நான் வெண்டிட்டன். வாற கோடையிலை கலியாணம்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன வென்றோம் என்பது அன்ரிக்கே உறைத்தது போல இருந்தது. அங்கிள் மறுபடியும் கலண்டரைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்ரி பையைத் திறந்து கடதாசியில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“வெளிக்கிடேக்கை அந்த மனிசி எலெனியைக் கொண்டு கேட்டா, எமில்டா சுகமா எண்டு.”

“என்ரை பேரை நீங்கள் சொன்னனீங்களோ அன்ரி?”

“சத்தியமா இல்லை. ரிக்கற் போட்ட பிள்ளையின்ரை பேரை நான் ஏன் அங்கை சொல்லுறன்? ஜன்னலாலை கூப்பிடச் சொன்னது எமில்டாதானே எண்டு அவதான் சிரிச்சவ. இதை உம்மட்டைக் குடுக்கட்டாம். போனமுறை விட்டிட்டுப் போனதாம்.”

உள்ளே கருநீலக் கம்பளிச் சுவெட்டர். புதிது இல்லை, யாரோ நெடுநாள் போட்டுத் தோய்த்தது. போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே பின்னின அளவு. பாலா அண்ணை பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாளே கிரேக்கத் தீவுகளுக்கு விசேட ஆலோசனை என்று கண்ணாடியில் எழுதி ஒட்டினார். அதைப் பார்த்து சிலர் வந்தார்கள்தான். நான் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்ச நாளில் அவரே கிழித்துவிட்டார்.

சுவெட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மனுசன் சிரித்தார். “கம்பளி நல்லது, எறியாதை. பேர் ஒண்டும் பெரிய விசயமில்லை, அன்ரி வாய்தவறிச் சொல்லியிருப்பா.” நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். தோய்ப்பதற்காக அதை உட்பக்கம் புரட்டினேன். ஒரு முழங்கை தேய்ந்து ஓட்டையாகி, பச்சை நூலால் அடைத்துத் தைத்திருந்தது.

நான் இடக்கைக்காரி. என் தையல் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். முடிவில் முடிச்சுப் போடமாட்டேன், நூலைச் சின்ன வளையமாக விட்டு மடித்து அதன்மேல் ஒரு குத்துக் குத்துவேன். அது நானாகப் பழகிய கோணல் வேலை, யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த முழங்கையில் நூல் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. வளையமும் இருந்தது, குத்தும் இருந்தது. மனுசன் நான் தைத்துக் கொடுத்த தன் காலுறையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ரீவியைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

சுதனுக்கும் எலெனிக்கும் இப்போது வளர்ந்த பிள்ளைகள். எலெனியின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. கடவுச்சீட்டு வந்த பிறகும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சுவெட்டரை இப்போதும் குளிருக்குப் போடுகிறேன், அதைவிட நல்ல கம்பளி எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றுதான் என்னை விடுகுதில்லை. அவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்க ஒரு மணித்தியாலமாவது அந்த வீட்டில் இருந்திருப்பேன். அந்த மனிசி சும்மா இருக்கிற ஆளில்லை, வலப்பக்கத்தில் என்னை இருத்திக் கதைத்துக்கொண்டே இருந்திருப்பா. என்ன கதைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வருகுதில்லை.