பிரபுவைக் குளிப்பாட்டிய மார்சலி

மார்சலி என் நாத்தனார். எங்கள் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஆர்ட்காரன் சீமைப் பிரபுவின் மகன் ஹெக்டருக்குப் பால் கொடுத்தவள் அவள்தான். பெற்றவள் அழகு குலைந்துவிடும் என்று பிள்ளையை மார்பில் போடவேயில்லை. மார்சலி மாளிகையில் இருந்த பத்து மாதமும் அவளுடைய பெண் குழந்தை என்னிடம் ஓட்ஸ் கஞ்சித் தண்ணீர் குடித்துக் கிடந்தது. பிழைக்கவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து அந்த ஹெக்டர்தான் குதிரையில் வந்து எங்கள் பள்ளத்தாக்கைக் காலி செய்யச் சொன்னான். ஆடு மேய்க்க இடம் வேண்டுமாம். அவன் ஆட்கள் தீ வைத்து எங்கள் கூரைகள் எரியும்போது மார்சலி அவன் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"ராசா, நான்தாய்யா, மார்சலி."

"தெரியுது. கைய எடு."

கடற்கரைப் பாறைகளுக்கிடையே ஒண்டிக்கொண்டு சிப்பி பொறுக்கித் தின்றோம்.

மூன்றாம் வருடம் பிரபு செத்தார். கால் அழுகிச் செத்த பிணத்தைத் தொட மாளிகையில் ஒருவரும் துணியவில்லை. எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"போகாதடி" என்றேன்.

"செத்தவன்கிட்ட என்ன வீம்பு? நீ வெந்நீரத் தூக்கு."

ஒரு வாரமாகப் படுக்கை மாற்றியிருக்கவில்லை. விரிப்போடு தோலும் உரிந்து வந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். மார்சலி முகம் சுளிக்காமல் துடைத்தாள். அப்போதுதான் ஹெக்டரும் அவன் தங்கை ஜார்ஜினாவும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"மோதிரம் எனக்குன்னு அப்பா சொன்னாரு" என்றாள் அவள்.

"மூடு வாய. மார்சலி, சோப்புப் போட்டு உருவு."

"வரலீங்க. விரல் வீங்கிக் கெடக்கு."

"அப்ப வெட்டு. கையுறை மாட்டிட்டா எவனுக்குத் தெரியும்?"

ஜார்ஜினா மறுக்கவில்லை. "கல்லுல கீறல் விழாம வெட்டு" என்றாள்.

மார்சலி துணியை வாளியில் எறிந்தாள். "உங்கப்பன், நீங்களே வெட்டிக்குங்க. இந்த வாய்க்கா நான் பால் குடுத்தேன்? த்தூ!"

வெளியே வந்து லாயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அந்த நாற்றத்துக்கு அசையாதவள்.

சவப்பெட்டியை இடுகாட்டுக்குப் பதினோரு மைல் தூக்கிப் போக எங்கள் ஆண்களுக்கு உத்தரவு வந்தது. மார்சலி குடிசை குடிசையாகப் போய் நடந்ததைச் சொன்னாள். ஒருவனும் போகவில்லை. அடுப்பெரிக்க வெட்டும் கரிமண்ணை ஏற்றும் வண்டியில் போட்டு இழுத்துப் போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் நாங்கள் பெருங்கடல் தாண்டி நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினோம். இங்கே மார்சலி மரம் வெட்டிய நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டு எழுபது வயது வரை இருந்தாள். ஆர்ட்காரன் என்ற பேரை யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.