எல்லோருக்கும் தம்பி

வரிசையில் நிற்பவர்களின் முகத்தை என் தம்பி பார்ப்பதில்லை. தலையைக் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே முன்னும் பின்னும் நடக்கிறான். யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, யார் ஒரு காலிலேயே பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். "மூஞ்சி நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லும். காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பான்.

சுற்றுலாக் குழுக்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளைக்கூடத் தொலைத்ததில்லை. துணி தைக்கக் கொடுக்க என்னிடம் வரும் எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவன் சட்டைப் பையில் எப்போதும் மூக்குக் கண்ணாடிக்கான பொடித் திருகாணிகள் இருக்கும். யாருடைய கண்ணாடிக் கால் கழன்றாலும் நின்ற இடத்திலேயே மாட்டிக் கொடுத்துவிடுவான். வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குவான். பாயை விரித்தால், "படுத்தா தூக்கம் கலைஞ்சிடுதுக்கா" என்பான்.

குழுவில் வரும் ஆண்கள் எல்லோரும் அவனுக்கு அண்ணன், பெண்கள் எல்லோரும் அக்கா. எழுபது தாண்டியவரையும் "வாங்கண்ணே" என்றால், அவர் அடுத்த ஐந்து நிமிடம் வேகமாக நடக்கிறார். இந்த முறை பதினேழு பேரில் நானும் ஒருத்தி. கிளம்பும்போதே சொல்லிவிட்டான்: "அங்க நீ என் அக்கா இல்ல. உனக்கு ஜன்னல் சீட்டு தானா கிடைச்சாக்கூட, சொந்தக்காரிக்குக் கொடுத்துட்டான்னு பேச்சு வரும்." அதனால் என்னை மட்டும் 'மேடம்' என்று கூப்பிட்டான். "மேடம், பாஸ்போர்ட்டை வெளிய எடுங்க." நானும் "சரிங்க சார்" என்றேன். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற நர்ஸ் என் காதில், "உங்களைக் கண்டா மட்டும் ஏன் இவருக்கு ஆகல?" என்று கேட்டார்.

போவது தென் அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. பேரைச் சொன்னால் எங்கள் தெருவில், "இதென்ன, மாத்திரைப் பேரா?" என்றார்கள். காடும் பழுப்பு நிற ஆறும்தான். சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. இரண்டு வருடம் அலுவலகத்தில் மன்றாடி இதைப் பட்டியலில் சேர்த்திருந்தான். முதலாளி சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: "ஒருத்தர் புகார் எழுதினாலும் இந்த நாட்டைத் தூக்கிடுவேன். பழையபடி அதே நாலு ஊரைச் சுத்திட்டு இரு." அந்த நாலு ஊருக்கு அவன் நூற்றுப் பதினாலு தடவை போயிருக்கிறான், நான் எழுதி வைத்திருக்கிறேன். தூக்கத்திலும் "இடதுபக்கம் பாருங்க" என்கிறான் என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். இப்போதெல்லாம் சொல்லும்போது சிரிப்பதில்லை.

இரண்டு விமானங்களும் முப்பத்தோரு மணி நேரமும் முடிந்து, மூன்றாவது விமானத்துக்குப் போர்டிங் பாஸும் கையுமாக நின்றிருந்தோம். அது சின்ன விமானம். வாரத்தில் இரண்டே நாள்தான் பறக்கும். முகப்பு மேசையில் இருந்த பெண் ஏதோ சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். எங்களிடம் வந்தான்.

"அண்ணே, அக்கா, வெயில் ஜாஸ்தியாம். இந்தச் சூட்டுல சின்ன விமானம் இவ்வளவு பாரம் தூக்காதாம், குறைக்கணுமாம். ஒருத்தர் மட்டும் அடுத்த விமானத்துல வரணும். மூணு நாள் கழிச்சு. ரூமு, சாப்பாடெல்லாம் அவங்க பொறுப்பு."

அந்த நாட்டில் நாங்கள் தங்குவதே ஐந்து நாள். புருஷன் பெண்டாட்டிகள் கையைக் கோர்த்துக்கொண்டார்கள், கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக. குழுவில் இருந்த டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார்.

"என்னை இறக்கினா நான் புகார் எழுதற ஆளு, இப்பவே சொல்லிட்டேன். நீயே இருந்துட்டு வாயேன் தம்பி."

"இவர் இங்க இருந்துட்டா, அங்க போய் நாம யாரைக் கேக்கறது? மரத்தையா?" என்றார் நர்ஸ்.

"அப்ப நீங்க இருங்க."

"ஏன், நான்தான் இளைச்சவளா? நானும் எழுதுவேன். எனக்கும் கை இருக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தனியாக வந்தவர்கள் கடைக்காரர், நர்ஸ், நான் என்று மூன்று பேர்தான். அதில் புகார் எழுதமாட்டாள் என்று அவன் நம்பக்கூடியவள் ஒருத்தி. அவளுக்கு, தனியாகத் தங்க வேண்டிய அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

அவன் முகப்புப் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்தான். பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இடது கையை மட்டும் பின்னால் என் பக்கமாக நீட்டினான். உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் என் போர்டிங் பாஸை வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. என் சுண்டு விரலும் அதோடு அகப்பட்டுக்கொண்டது. பேசி முடிக்கும்வரை அவன் அதை விடவில்லை.