வீட்டுக்காரம்மா கலக்கிய பச்சைத் தேநீர்

இலங்கையின் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, தேநீரில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஜப்பானில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவிடம் அளந்துவிட்டேன். மறுநாள் காலையே நுரை ததும்பும் பச்சைக் குழம்பொன்றை இரு கைகளாலும் நீட்டினார். மழையில் நனைந்த கொழுந்தைச் சாக்கில் கட்டி இரண்டு நாள் மறந்துபோனால் ஒரு நாற்றம் வருமே, அதேதான். நாக்கில் பாசி படர்ந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு அறை கொடுக்கச் சம்மதித்த ஒரே ஆள் அவர். முகம் சுளித்தால் தெருவில் நிற்க வேண்டும். மூச்சைப் பிடித்து விழுங்கி, "பிரமாதம்ங்க" என்றேன். அந்தப் பொய்க்கு இரண்டு வருடம் தினமும் ஒரு கிண்ணம் தண்டனை.

அறையைக் காலி செய்த அன்றுதான், குமட்டலை அடக்கியே குடித்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் அது ஆகாதுங்க, நான் கோப்பிதான் குடிப்பேன். தேயிலைத் தோட்டத்து ஆளுன்னு அவ்வளவு பெருமையா சொன்னீங்களேன்னுதான் தெனமும் கஷ்டப்பட்டுக் கலக்கினேன்."