வோக்கரை அறைக்குள் ஒளித்த நாள்

முதல் அறிகுறி எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. "அப்பா, என்ர சப்பாத்துக்குள்ள மண் கிடக்கு," என்றான் துவாரகன். கழற்றித் தட்டிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. பனி உருகும் காலம். வழுக்காமலிருக்க வீதியில் தூவும் பொடிக்கல் புகுந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மெட்ரோப் படியில் ஏறமுடியாமல் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வாரமே கரண்டியைத் தூக்கமுடியாமல் போயிற்று.

கியான்-பாரே நோய்க்குறி (நோயை எதிர்க்கவேண்டிய உடலின் காவல் தன் நரம்புகளையே தாக்கும் நிலை) என்றார் நரம்பியல் மருத்துவர். இருபத்தைந்து வயது மகன் சுவாசக் கருவியோடு கிடந்தான். கண்ணிமையை மட்டும் அசைத்தான்.

கருவியைக் கழற்றிய பிறகு, "உயிருக்கு இனிப் பயமில்லை. நரம்புகள் மெதுவாகத்தான் தேறும். அவரது பலத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார் மருத்துவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. என் கோபம் முழுவதையும் பிறகு வந்த ஒருவருக்காக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது வட்டாரச் சுகாதார நிலையம் ஒரு பராமரிப்புத் திட்டம் போட்டது. ஒவ்வொரு காலையும் ஒரு பணியாளர் வந்து அவனைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவார். நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், விடியமுன் போகவேண்டும். மனைவி வசந்திக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. குளிப்பதற்குச் செலவாகாத பலத்தை அவன் பகலில் நடைப் பயிற்சிக்கு வைத்திருந்தான். நான்குகால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை (சமையலறைவரை) வந்தான்.

பிறகு மறுமதிப்பீடு (உதவி இன்னும் தேவையா என்று பார்க்கும் சந்திப்பு) வந்தது. பிற்பகலில் ஒரு சமூகப் பணியாளர் வருவதாகச் சொன்னார்கள்.

"ஆக்கள் வரேக்க வீட்டை இப்பிடியே போட்டு வைக்கிறது?" என்றாள் வசந்தி. நானும் மறுக்கவில்லை. மகனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டுப் போட்டுவிட்டேன். வோக்கரையும் குளிக்கும் கதிரையையும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவள் ரோல்ஸ் பொரித்தாள்.

சமூகப் பணியாளரான அந்த அம்மையார் உள்ளே வந்ததும் துவாரகன் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று "போன்ஜூர்" சொன்னான். பெரியவர்கள் வந்தால் எழும்பவேண்டும் என்று நாங்கள்தான் வளர்த்திருந்தோம்.

"தனியாக உடுத்திக்கொள்ள முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"முடியும்," என்றான்.

"குளிக்க?"

"முடியும்."

வசந்தியிடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். "பரவாயில்லை," என்றாள். எங்கள் சனம் பிணத்துக்குப் பக்கத்தில் இருந்தும் பரவாயில்லை என்றுதான் சொல்லும். அம்மையார் ரோல்ஸைப் புகழ்ந்தார். இன்னொன்றும் எடுத்தார்.

சில நாட்களில் தொலைபேசியில் சொன்னார்: மகன் நன்றாகத் தேறிவிட்டார், இனி வாரத்தில் ஒரு காலை போதும். நான் மறுத்துப் பேசினேன். "அவர் சொன்னதைத்தான் பதிந்தேன், ஐயா," என்றார்.

பணியாளர் வராத ஒரு காலையில் துவாரகன் குளியல் தொட்டிக்குள் விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. மாக்கட்டுப் போட்ட கையால் வோக்கரைப் பிடிக்க முடியவில்லை. மறுபடியும் கட்டில். தேறிவந்த தசைகள் கண்முன்னே வற்றின. அவசரப் பிரிவின் நடைபாதையில், அவன் முனகலைக் கேட்டபடி, அந்த அம்மையாரை இந்தத் தள்ளுகட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கவேண்டும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

மாக்கட்டு வெட்டிய பிறகு மீண்டும் மறுமதிப்பீடு கேட்டேன். பிற்பகல் என்றார்கள். மாட்டேன் என்றேன். அவன் கண்விழிக்கும்போது வரவேண்டும். அதே அம்மையாரே வரவேண்டும். முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போனபிறகுதான் சம்மதித்தார்கள்.

அன்று நான் லீவு எடுத்தேன். அழைப்புமணி அடித்ததும் வசந்தி கேத்திலைப் போட்டாள். நான் அணைத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்காமலே விடுறது?"

"குடுக்கப்படாது."

"ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும். போன முறை நல்லாத்தானே நினைச்சவை."

வோக்கர் கூடத்தின் நடுவில் நின்றது. சோபாவில் ஊத்தை உடுப்பு. குளிக்கும் கதிரைதான் மிச்சம். அம்மையார் அதில் உட்காராமல் கோட்டைக் கையில் வைத்தபடி நின்றார். நிற்கட்டும் என்று விட்டேன்.

பிறகு அவரை மகனின் அறைக்குக் கூட்டிப்போனேன். துவாரகன் கட்டிலின் ஓரத்துக்கு வந்தான். இளைப்பாறினான். சேட்டின் முதல் பொத்தானில் விரல்கள் வழுக்கின. இரண்டாவதில் கை விழுந்துவிட்டது. அம்மையார் உதவிக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீர்கள்," என்றேன். "பாருங்கள்."

அவர் சுவரில் சாய்ந்தார். மகனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அவனை வைத்து நான் பழிதீர்க்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

"அப்பா, சோதனை எனக்கோ அவவுக்கோ?" என்றான் தமிழில்.

"அவவுக்கு."

"அப்ப பாஸ் பண்ண விடுங்கோ. எனக்குக் களைக்குது."

பிறகு அவனே அவரிடம் பிரெஞ்சில் சொன்னான்: "என்னால் முடியும். ஆனால் இதோடு என் நாள் முடிந்துவிடும். நடப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது."

அவர் அதை எழுதிக்கொண்டார். "முடியுமா என்று மட்டும்தான் கேட்டேன். அதன்பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கவேண்டும்," என்றார். வருந்துகிறேன் என்றும் சொன்னார். வாசலில் சப்பாத்தைப் போட நெடுநேரம் எடுத்தார். பிடித்துக்கொள்ள ஒரு கதிரைகூட நான் நகர்த்திக் கொடுக்கவில்லை.

காலை உதவி முழுவதும் திரும்பி வந்தது. இப்போது வோக்கர் இல்லாமல், சுவரைத் தொட்டபடி குசினிக்கு வருகிறான். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ரோல்ஸ் என் நினைவுக்கு வருகிறது. நான் மன்னிக்கவில்லை. மன்னித்தால் மனம் ஆறும் என்று கோயிலில் சிலர் சொல்கிறார்கள். என் மனம் மன்னிக்காமலே ஆறிவருகிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மதிப்பிட வருபவர் விருந்தாளி அல்ல. பிள்ளையின் மிக மோசமான நேரத்துக்கு அவரை அழையுங்கள். வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்காதீர்கள். பரவாயில்லை என்ற சொல்லை அன்று வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

இப்போதும் அழைப்புமணி அடித்தால் என் கை மூலையில் நிற்கும் வோக்கரைத் தள்ளப் போகிறது. நிறுத்திக்கொள்கிறேன். விடியமுன் வேலைக்கு வெளிக்கிடும்போது என் சேட்டுப் பொத்தான்களை நானே பூட்டுகிறேன். முன்பெல்லாம் கை தானாகப் பூட்டிவிடும். நேரம் போனதே தெரியாது. இப்போது ஒவ்வொரு பொத்தானும் தெரிகிறது. இரண்டாவதில் விரல் நின்றுவிடுகிறது. மகனின் அறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பூட்டுகிறேன்.