ஏழு சாவியும் ஒரு மாடிப்படியும்

எங்காத்துக்காரர் பேரை நான் சொல்லப்படாது. வக்கீல் மாமா வந்து கூப்பிடுவார், அப்போ தெரிஞ்சுக்கோங்கோ. அதுவரைக்கும் லஸ் முனையில மருந்துக்கடையில சீசாவுக்கு லேபிள் ஒட்டறவர்னு வெச்சுக்கோங்கோ. கையில எப்பவும் கோந்து வாசனை. தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, 'முடியாது'ங்கற வார்த்தை அவர் வாயில வராது. 'கொஞ்சம் விஷம் சாப்பிடறேளா'ன்னு யாராவது கேட்டாக்கூட, 'ஆகட்டும், சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா'ம்பார்.

கல்யாணம் ஆகி வருஷக்கணக்கா நான் உத்திரமேரூர்ல எங்க அண்ணா ஆத்துலதான் இருந்தேன். அவர் மயிலாப்பூர்ல, மருந்துக்கடை பெஞ்சுல படுத்துண்டிருந்தார். ஏன்னு கேட்டா, பட்டணத்துல வீடு இல்லை. வீடு ஏன் இல்லைன்னு கேட்டா, அதைக் காமாக்ஷி மாமியைத்தான் கேக்கணும். குளத்துக்குப் பின்னால ஒரு சந்துல மாமிக்குச் சொந்தமா வீடு. அதுல எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். இவர் போய் இடம் கேட்டிருக்கார்.

"குடும்பஸ்தாளுக்குத்தான் குடுப்பேன்"னாளாம் மாமி.

"நான் குடும்பஸ்தன்தான் மாமி."

"ஆம்படையா எங்கே?"

"ஊர்ல."

"அப்போ நீ ஒண்டிக்கட்டைதானே? அவளை அழைச்சுண்டு வா, பாக்கலாம்."

"வீடு குடுத்தாத்தானே மாமி அழைச்சுண்டு வரலாம்?"

"அழைச்சுண்டு வந்தாத்தானே வீடு குடுக்கலாம்?"

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்லுவாளே, அந்தக் கதைதான். மாசா மாசம் ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிண்டு போய் இவர் அதே கேள்வியைக் கேப்பார், மாமி பழத்தை வாங்கிண்டு அதே பதிலைச் சொல்லுவா. நேக்குப் பொறுக்கலை. ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தப்போ கேட்டேன்: "ஏன்னா, அந்தப் பாழாப்போன பட்டணத்தை விட்டுடப்படாதா? உத்திரமேரூர்ல மருந்துக்கடை இல்லையா?"

"இருக்கு. ஆனா இங்கே சீசாவுக்கு லேபிள் ஒட்டற வழக்கம் இல்லையே"ன்னார். நான் தலையில அடிச்சுண்டேன்.

இப்படி இருக்கறச்சே நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில ஜப்பான்காரன் வரப்போறான்னு புரளி கிளம்பித்து. கப்பல்ல வரான்னா, ஆகாச விமானத்துல வரான்னா, ஏற்கெனவே வந்து திருவான்மியூர்ல கரையோரமா உக்காந்துண்டு இளநீர் குடிக்கறான்னுகூடச் சொன்னா. பட்டணமே மூட்டை கட்டிண்டது. வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் மாமா மருந்துக்கடைக்கு வந்தார், வயத்துக்கு ஏதாவது வாங்கிண்டு போக.

"டேய் ஸ்ரீரங்கா, நீ வீடு தேடிண்டிருக்கயாமே? நாங்க கும்பகோணம் போறோம். என் ஆத்துல வந்து இரு. வாடகையெல்லாம் வேண்டாம். ரெண்டே காரியம். தினம் சாயரக்ஷை விளக்கேத்தணும், அடுப்பு எரியணும். விளக்கும் அடுப்பும் இல்லாத வீடு விளங்காதுடா."

பேர் தெரிஞ்சுடுத்தோல்லியோ? நான் சொல்லலை.

இவர் 'ஆகட்டும் மாமா'ன்னு சாவியை வாங்கிப் பூணூல்ல முடிஞ்சுண்டு அன்னிக்கே உத்திரமேரூர் வந்துட்டார். அண்ணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாப்பிள்ளை, ஊரே ஓடி வரது. நீங்க இவளை அங்கே அழைச்சுண்டு போறேங்கறேளே, நன்னா இருக்கா?"

"இப்போதானே வீடு கிடைச்சிருக்கு"ன்னார் இவர்.

அவா பேசி முடிக்கறதுக்குள்ள நான் பெட்டியைக் கட்டிட்டேன். குண்டு விழுந்தா விழட்டுமே, என் ஆத்துல விழட்டும். இத்தனை வருஷமா அண்ணா ஆத்துல எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் மன்னி முகத்தைப் பாத்துண்டு தொட்டவ நான்.

செங்கல்பட்டுலேர்ந்து வந்த ரயில்ல எங்க வண்டியில நாங்க ரெண்டே பேர். டிக்கெட் பாக்கறவர், "தெரிஞ்சுதான் போறேளா?"ன்னு போறச்சயும் கேட்டார், வரச்சயும் கேட்டார். மாம்பலத்துல எறங்கினா நிக்க இடம் இல்லை. பெட்டி, படுக்கை, அண்டா, ஆட்டுக்கல், அதுக்கு மேல ஒரு தாத்தா. நாங்க எதிர்ப்பக்கமா நடக்கறதைப் பாத்துட்டு ஒரு அம்மா, பாவம், வழி தவறிட்டோம்னு நெனச்சுண்டு, "இந்தப் பக்கம் வாடியம்மா!"ன்னு என் கையைப் பிடிச்சு ரயிலுக்குள்ள இழுத்துட்டா. இவர் மறுபக்கம் பிடிச்சு இழுத்து என்னை மீட்டார். பட்டணத்துக்குள்ள நான் வந்து சேர்ந்த லட்சணம் அது.

வக்கீலாத்துல எனக்கே எனக்குன்னு ஒரு சமையலுள். எனக்கே எனக்குன்னு ஒரு குழாய். அதைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். குடத்தோட யாரும் பின்னால நிக்கலை. சந்தோஷத்துல அழுகையே வந்துடுத்து.

அந்தச் சந்தோஷத்துக்குக் கண் பட்டுடுத்து. 'ஸ்ரீரங்கன் வீட்டைப் பாத்துக்கறானாம்'னு தெரு முழுக்கப் பரவினது. எதிராத்து டாக்டர் வந்தார், சாவி குடுத்தார். சப்-ஜட்ஜ் வந்தார், குடுத்தார். போற வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியா சாவியை வீசிட்டுப் போனவாளும் உண்டு. எல்லாருக்கும் அதே நிபந்தனை, விளக்கேத்தணும், அடுப்பு எரியணும். இவரும் எல்லாருக்கும் 'ஆகட்டும்'னார். பூணூல்ல ஏழு சாவி. நடந்தா ஜல் ஜல்னு கோயில் மாடு வரமாதிரி இருக்கும்.

"ஒரு சுள்ளியைக் கொளுத்திப் போட்டுட்டு வந்தா போறாதா?"ன்னேன்.

"வெறும் அடுப்பு எரியப்படாதுடி, ஆகாது. ஏதாவது கொதிக்கணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

ஏழு அடுப்புல கொதிக்கறதுக்கு ரெண்டு பேர் ஆத்துல என்ன இருக்கு? சாதம் வக்கீலாத்துல. குழம்பு சப்-ஜட்ஜாத்துல. சாத்தமுது, அதான் ரசம், டாக்டராத்துல. கறமது, அதான் பொரியல், அதுக்கடுத்த ஆத்துல. பால் காய்ச்சறது தெருக்கோடியில. காப்பிக்கு வெந்நீர் அதுக்கும் எதிர்த்தாப்பல. மிஞ்சின ஒரு ஆத்துல என்ன பண்றதுன்னு தெரியாம, இவர் மருந்துக்கடைலேர்ந்து கோந்து கொண்டுவந்து காய்ச்சினார். கறமது ஆகறதுக்குள்ள சாதம் விறைச்சுப் போயிடும். தெருவுல நான் குழம்போட வரச்சே இவர் பாலோட எதிர்ல வருவார். "சாப்பிட்டேளா?"ன்னு கேப்பேன். "எந்த ஆத்துல?"ம்பார். அவ்வளவுதான் எங்க குடித்தனம்.

விளக்குக்கு வேற வம்பு வந்தது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியப்படாதுன்னு சர்க்கார் உத்தரவு. அதைப் பாத்துக்க எங்க தெருவுக்கு ஹபீபுர் ரஹ்மான்னு ஒருத்தரைப் போட்டிருந்தா. கச்சேரி ரோடுல தையல்கடை வெச்சிருக்கறவர். தலையில தகரத் தொப்பி, வாயில விசில். இவர் ஒவ்வொரு ஆத்துலயா விளக்கேத்திண்டே போறதைப் பாத்துட்டு விசிலை ஊதிண்டு ஓடி வந்தார்.

"இன்னா சாமி இது? ஒரு வூட்ல வெளக்கு எரியுது, அப்பால அடுத்த வூட்ல எரியுது, அப்பால அதுக்கடுத்த வூட்ல. ஜப்பான்காரனுக்கு வழி காட்டிக்கினு கீறீங்களா?"

"வாக்குக் குடுத்திருக்கேன் பாய்"ன்னார் இவர், பரிதாபமா.

ரெண்டு பேரும் ரொம்ப நாழி யோசிச்சு ஒரு வழி பண்ணினா. விளக்கை ஏத்தி ஒரு குடத்துக்குள்ள இறக்கி வெச்சுடறது. குடத்திலிட்ட விளக்குன்னு பேச்சுக்குச் சொல்லிக் கேட்டிருக்கேன். எங்க தெருவுல ஏழு ஆத்துல அது நிஜமாவே இருந்தது.

ஒரு நாள் விளக்கு வைக்கற வேளை. நான் சப்-ஜட்ஜாத்துல குழம்புக்குக் காவல். இவர் தெருக்கோடியில பாலுக்குக் காவல். திடீர்னு அபாயச் சங்கு ஊதினது. ஒத்திகையா நிஜமான்னு யாருக்குத் தெரியும்? செத்தாலும் சேர்ந்து சாகலாம்னு தெருக்கோடிக்கு ஓடினேன். அங்கே பூட்டியிருந்தது. டாக்டராத்துக்கு ஓடினேன், அங்கேயும் பூட்டு. "ஏன்னா! ஏன்னா!"ன்னு தெருவுல நின்னு கத்தறேன். காக்கா குருவி இல்லை.

ஹபீபுர் ரஹ்மான் விசிலோட வந்துட்டார். "உள்ள போம்மா! இன்னா தெருவுல நின்னுக்கினு கீறே?"

"எங்காத்துக்காரரைக் காணோம் பாய்!"

"பேரைச் சொல்லிக் கூப்புடு! ஏன்னா ஏன்னான்னா எவன் வருவான்?"

"பேர் சொல்லப்படாது."

"யா அல்லா! தலைக்கு மேல குண்டு வருது, பேரு சொல்ல மாட்டியா?"

நான் சொல்லலை. வாய் வரைக்கும் வந்தது, வெளியில வரலை. "மருந்துக்கடையில லேபிள் ஒட்டறவர்..."னு அழுதேன். அவர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுண்டு, தொண்டை கிழியக் கத்தினார்: "லேபிள் ஒட்டற சாமீ!"

ஜல் ஜல்னு சத்தம் கேட்டது. கையில பால் பாத்திரத்தோட, வேர்த்து விறுவிறுத்து, இவர் ஓடி வரார். "சூடாமணி! நீ எங்கேடி போனே? உன்னை ஏழாத்துலயும் தேடிட்டேனே!"

"நானும்தான் தேடினேன்!"

ஹபீபுர் ரஹ்மான் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தார். "பொண்டாட்டிய வெச்சுக்க வூடு இல்லன்னு மருந்துக்கடையில அழுதுக்கினு இருந்தவரு நீங்கதானே சாமி? இப்ப ஏழு வூடு கீது, பொண்டாட்டியக் காணோம்ன்றீங்களே!"

நேக்கு அதுக்கு மேல தாங்கலை. "உத்திரமேரூர்ல இருந்தப்போ நீங்க மயிலாப்பூர்ல இருக்கேள்னாவது தெரியும். இப்போ எந்த அடுப்புக்கு முன்னால இருக்கேள்னே தெரியலை! நேக்கு வீடு வேண்டாம்னா. நீங்க இருக்கற இடம் தெரிஞ்சாப் போறும்"னு நடுத்தெருவுல ஓன்னு அழுதேன்.

இவருக்கும் கண் கலங்கித்து. "ஆகட்டும்"னார். சொல்லிட்டு, மிச்சப் பாலை அடுப்புல ஏத்தப் போயிட்டார். சப்-ஜட்ஜாத்துக் குழம்பு அதுக்குள்ள கரியாப் போயிருந்தது.

ஜப்பான்காரன் வரலை. வீட்டுக்காரா வந்தா. ஆடிக்கு மேல ஒவ்வொருத்தரா எறங்கினா. சாவி ஒண்ணொண்ணாக் கழண்டுது, இவர் மார்பு லேசாச்சு. கோந்து காய்ச்சின வீட்டோட சொந்தக்காரர் ஒரு வாரம் தன் ஆத்துல எங்கே கையை வெச்சாலும் ஒட்டறதுன்னு கத்திண்டிருந்தார். கடைசியில வக்கீல் மாமா வந்து அடுப்பை விரலால தடவிப் பாத்தார்.

"ஏண்டா இவ்வளவு கரி?"

"எரியணும்னேளே மாமா."

"எரியணும்னேன். இவ்வளவு எரியணும்னேனா?"

ஓடினவா எல்லாரும் சும்மா திரும்பலை, ஒண்ணுவிட்ட சித்தப்பா அத்தைன்னு கூடவே அழைச்சுண்டு வந்தா. எங்கே கேட்டாலும் ஒரு அறைக்கு யானை விலை சொன்னா. நாங்க பெட்டியைத் தூக்கிண்டு காமாக்ஷி மாமி வாசல்ல போய் நின்னோம். மாமி பட்டணத்தை விட்டு அசையவே இல்லை. 'ஜப்பான்காரன் வந்தாலும் குடும்பத்தோட வந்தாத்தான் இடம்'னு சொன்னவளாச்சே.

என்னை ஏற இறங்கப் பாத்தா. "சரி, குடும்பஸ்தன்தான், ஒத்துக்கறேன். இடந்தான் இல்லை. மாடிப்படிக்குக் கீழே வேணா இருந்துக்கோ." அதுக்கும் ஒரு அறை வாடகை கேட்டா. இவர் 'ஆகட்டும்'னார்.

அந்த இடத்துல நிமிர்ந்து நிக்க ஒரே ஒரு மூலைதான். அவர் நின்னா நான் உக்காரணும், நான் நின்னா அவர் உக்காரணும். மாடிக்கு எவளாவது தண்ணிக்குடத்தோட ஏறினா எங்க சாத்தமுதுல சுண்ணாம்பு உதிரும். குழாயடியில எட்டுப் பேருக்குப் பின்னால ஒன்பதாவதா நின்னேன். இதுக்கா பட்டணம்னு நேக்கும் தோணித்து, பொய் சொல்லுவானேன்? "நீ அண்ணா ஆத்துக்குப் போறயா? நல்ல இடமாக் கிடைச்சதும் அழைச்சுக்கறேன்"னார் இவர். "வாயை மூடுங்கோ"ன்னேன். அதுக்கும் 'ஆகட்டும்'னார்.

அடுத்த வருஷம் மழைக்காலத்துல துறைமுகத்துப் பக்கம் நிஜமாவே குண்டு விழுந்துதுன்னு ஊரெல்லாம் பேச்சு. மறுபடி மூட்டை முடிச்சு. வக்கீல் மாமா குனிஞ்சு, எங்க மாடிப்படிக்குள்ள தலையை நீட்டினார். கையில சாவிக்கொத்து.

"ஸ்ரீரங்கா, நான் கிளம்பறேன். என் ஆத்துக்கே வந்துடு. டாக்டர், சப்-ஜட்ஜ் எல்லாரும் சாவியை என்கிட்டயே குடுத்துட்டா. அதே ரெண்டு காரியம்தான். இந்தப் பொந்துலயா கிடப்பே?"

என் குழாய் கண் முன்னால வந்தது. இவர் வாய் 'ஆ'ன்னு திறந்துடுத்து, வழக்கமா திறக்கற மாதிரியே. அவசரமா எழுந்தார். மடேர்னு மண்டையில படி இடிச்சது. தலையைத் தடவிண்டு, என் பக்கத்துல, என் மேலயே இடிச்சுண்டு, உக்காந்தார். என் முகத்தைப் பாத்தார்.

"முடியாது மாமா"ன்னார்.

தெளிவாத்தான் சொன்னார். மாமாவுக்கு நம்ப முடியலை. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உன் ஆம்படையானுக்குப் பைத்தியமா?"

"இருந்தது மாமா. இப்போதான் தெளிஞ்சுது"ன்னுட்டு, தட்டுல சாதத்தைப் போட்டேன். சாதமும் குழம்பும் சாத்தமுதும், எல்லாம் ஒரே அடுப்புலேர்ந்து, சூடா இருந்தது.