மேடம் அழுத மாளிகை

அமீரகத்தின் அல் ஐன் நகரில் எங்கள் தெருவில் வேலை செய்யும் தமிழர்களில் அயர்லாந்தைப் பார்த்தவர் ஒருவர்தான். சாத்தான்குளத்துக்காரி ஜெயமணி. ஓர் அரபி மேடத்தின் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை; கோடையில் அந்தக் குடும்பம் அயர்லாந்து போகும்போது இவளும் போவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், நான்கு கோடைகளில் பதினெட்டுக் கோட்டைகளுக்குப் போய் வந்திருக்கிறாள். ஆனால் உள்ளே நுழைந்தது மூன்றோ நான்கோதான். மற்ற இடங்களில் மேடத்தின் ஏதாவது ஒரு பிள்ளை வேனில் தூங்கிக்கொண்டிருக்கும். இவள் காவல் இருப்பாள். கோட்டை எப்படி இருந்தது என்று கேட்டால், வண்டி நிறுத்திய இடத்தைப் பற்றித்தான் சொல்வாள். மழை, புல், ஆடு, மறுபடியும் மழை.

என் பெயர் இர்ஷாத். சொந்த ஊர் காயல்பட்டினம். தெருமுனையில் பக்காலா வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பேச்சில் மளிகைக் கடை. ஜெயமணிக்கு வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. குப்பை போட வரும் சாக்கில் என் கடையில் ஐந்து நிமிடம் நின்று பேசுவாள். அதைவிட்டால் அவளுக்கு வெளியுலகம் அயர்லாந்துதான்.

2007 மே மாதம் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். மகள் பானுப்பிரியாவுக்கு ஐந்தாம் மாதம், செப்டம்பர் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். இவளோ புருஷனை இழந்தவள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இவள் போய்க் கதவைத் திறந்தால்தான் அது தாய் வீடு. ஆனால் பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய லீவையும் சென்ற வருடம் மேடத்தின் பிரசவத்துக்காக விட்டுக்கொடுத்திருந்தாள்.

"இன்னைக்கே மேடத்துகிட்ட கேட்டுருதேன் பாய்" என்றாள்.

நான்தான் தடுத்தேன். வளைகுடாவில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்ற திமிர் எனக்கு. "அவசரப்படாதீங்க. லீவு கேக்கவும் ஒரு நேரங்காலம் இருக்கு. அவங்க மனசு குளிர்ந்திருக்கும்போது கேக்கணும். ஜூலையில அயர்லாந்து போறீங்கள்ல, அங்க வச்சுக் கேளுங்க."

இங்கே ஒவ்வொரு கேம்பிலும் ஒவ்வொரு ரூமிலும் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சம்பள பாக்கியானாலும் சரி, லீவானாலும் சரி, முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். நமக்குச் சேரவேண்டியதைப் பிச்சை மாதிரி வாங்கப் பழகிவிட்டோம். ஜெயமணியும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் கோடையில், நாட்டுப்புறத்தில் ஏதோ ஒரு பிரபுவின் பழைய மாளிகைக்குப் போயிருக்கிறார்கள். சென்ற வருடம் பிறந்த கைப்பிள்ளை விழித்திருந்ததால், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளும் உள்ளே போனாள். மேல் மாடியில் வெள்ளிச் சாமான்களையும் ஓவியங்களையும் பார்த்து மேடம் கொட்டாவி விட்டாராம். கீழே வேலைக்காரர் பகுதிக்கு வந்ததும் நிலைமை மாறிவிட்டது. வேலைக்காரர்கள் நடமாடுவது எசமானர்களின் கண்ணில் படக்கூடாது என்று தரைக்கடியில் சுரங்கப் பாதை வெட்டியிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. இரும்புக் கட்டில், ஒரு தகரப் பெட்டி.

"அந்தக் கட்டிலப் பாத்ததும் என் ரூமு மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன் பாய். ஆனா அதுல ஒரு சன்னல் இருந்துச்சு" என்றாள் ஜெயமணி.

சுற்றிக்காட்டிய பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மேடத்தின் மூத்த மகள் அதை அம்மாவுக்கு அரபியில் சொன்னாள். இங்கே வேலை பார்த்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஓய்வு. வருடத்துக்கு இரண்டு வாரம் லீவு. கேட்ட மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மிஸ்கீனா, பாவம், அரை நாள்தானா!" என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில், மனிதர்களை இப்படி நடத்தியவர்களை இறைவன் மன்னிக்கட்டும் என்று எழுதச் சொன்னாராம். மகள் எழுதினாள். கையெழுத்துப் போட வசதியாக மேடத்தின் கைப்பையை ஜெயமணி வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

இதைவிட நல்ல நேரம் எப்போது வாய்க்கும்? பக்கத்து டீக்கடையில் மேடம் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

மேடம் கோபப்படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினார். "செப்டம்பரில் நோன்பு வருகிறதே ஜெயா. இவனும் உன்னைவிட்டால் யாரிடமும் தூங்கமாட்டான். நானும் ஒரு தாய்தானே, நீதான் புரிந்துகொள்ள வேண்டும். மே மாதமே சொல்லியிருந்தால் ஏஜென்சியில் சொல்லி ஒரு ஆளை வரவழைத்திருப்பேன். இப்போது சொன்னால் நான் என்ன செய்வேன்? பெருநாள் கழித்துப் போய் வா."

திரும்பி வந்து இதை அவள் என்னிடம் சொன்னபோது, மே மாதம் என்ற இடத்தில் குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் அரிசி மூட்டையை நகர்த்துவதுபோல் குனிந்துகொண்டேன். மே மாதம் கேட்டிருந்தால் மட்டும் அந்த அம்மாள் விட்டிருப்பாளா என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். விட்டிருக்கவும் கூடும்.

அந்த மாளிகையில் இருந்த ஒரு கடையில் மேடம் ஞாபகார்த்தமாக ஒரு பித்தளை மணி வாங்கி வந்திருந்தார். வேலைக்காரர்களைக் கூப்பிட அந்தக் காலத்தில் இப்படித்தான் மணியடிப்பார்களாம். இப்போது அது அல் ஐன் வீட்டு ஹாலில் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளைகள் அதை எடுத்து அடிக்கிறார்கள். அவளும் ஓடுகிறாள்.

நோன்பு பாதி கடந்த ஒரு நாள் மதியம், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கடைக்கு ஓடி வந்தாள். பானுப்பிரியாவுக்கு மாமியார் வீட்டிலேயே பிரசவமாகிவிட்டது, ஆண் குழந்தை. என் போனில் கார்டு போட்டு எண்ணை அழுத்திக் கொடுத்தேன். பேச்சு நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் நானே போட்டேன். அதையும் செய்திருக்கக் கூடாது.

"ஏட்டி, எப்படிட்டி இருக்க? பிள்ளை யாரு சாடை? போனை அவன் வாய்கிட்டக்க வையி, ஒரு சத்தம் கேட்டுக்கிடுதேன்" என்றாள் ஜெயமணி.

அந்த நேரம் பார்த்து, இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தான். தட்டிக் கொடுத்தாள், குலுக்கினாள், அடங்கவில்லை.

"மொதல்ல அந்தப் பிள்ளைய அமத்தும்மா" என்றாள் பானுப்பிரியா. "எம் பிள்ளைய எங்க அத்தை பாத்துக்கிடுவாவ."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஜெயமணி அழவில்லை. பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்து, அங்கேயே தூங்கிப்போனான்.